தினமும் சீவினேன்

என் மகளுக்குச் சுருட்டை முடி. அது என்னிடமிருந்து போனது. எனக்கு அதனால் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. மாதம் ஒருமுறை சந்தைக்குப் போகும்போது சலூனில் உட்கார்ந்து ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அவள் பெண்பிள்ளை. அவள் முடி இடுப்புவரை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் பார்வைக்குத் தோளைத் தாண்டாது. நனைத்து இழுத்துப் பிடித்தால்தான் நீளம் தெரியும். கையை விட்டதும் சுருண்டு மேலே போய்விடும். இந்த வேடிக்கையை நான் எத்தனையோ முறை செய்து பார்த்து அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதைத் தவிர அந்த முடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மற்றதெல்லாம் என் மனைவியின் பாடு. அவள் அடிவாரத்து ஊரிலிருந்து இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குக் கோரை முடி. சுருட்டையை அவள் இங்கே வந்துதான் பழகினாள். தினமும் காலையில் மகளைக் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்துக்கொள்வாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அரை மணி நேரம் இருவரும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். எழுந்திருக்கும்போது மகள் தலையில் ரெட்டை ஜடையும் சிவப்பு ரிப்பனும் இருக்கும். அந்த நேரத்தில் நான் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு நாள் திரும்பி அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

போன கார்த்திகைக் கடைசியில் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. மலையிறங்கி நாமக்கல்லில் சேர்த்தோம். பையன் பிறந்தான். என் முன்னங்கை நீளம்தான் இருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எப்போது வெளியே எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் மாமியார் அங்கே துணைக்கு இருந்தார். நான் மகளைப் பார்த்துக்கொள்ள மேலே வந்துவிட்டேன். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு.

முதல் நாள் காலையில் சீப்பை எடுத்து உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தேன். தலை சீவுவது என்றால் அதுதானே என்று நினைப்பு. சீப்பு நாலு விரல் தூரம் வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சீப்பின் இரண்டு பல் முடிக்குள்ளேயே ஒடிந்து நின்றது.

இந்த முடியை நுனியிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். எண்ணெயும் ஈரமும் இருக்கும்போதே விரலால் சிக்கெடுத்துவிட வேண்டும். வேர்ப்பக்கத்தை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு இழுப்புத் தெரியாது. இதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. தெரிந்து என்ன செய்ய.

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் சீப்பை எடுக்கப் போனதுமே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா இல்லாத வீட்டில் பிள்ளையை அழவைத்துப் பள்ளிக்கூடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பாசம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பாதி சோம்பல். தண்ணீரைத் தெளித்து, மேலாக அமுக்கி, பின்னால் கொண்டையாகச் சுற்றி ரிப்பனைக் கட்டி, அதன்மேல் கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டேன். மார்கழிக் குளிரில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் குல்லாவோடுதான் உட்கார்ந்திருந்தன. டீச்சருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்றினேன். மூடுபனியில் அந்த முடி எங்கே காய்கிறது. ஈரத்தோடு சுற்றிக் கட்டி மறுபடியும் குல்லா. தூங்கும்போதும் அது தலையில்தான் இருந்தது. அப்பாவும் மகளும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

தினமும் சாயங்காலம் மனைவி போன் செய்வாள். பையன் எத்தனை கிராம் ஏறியிருக்கிறான் என்று சொல்வாள். பிறகு மகள் சாப்பிட்டாளா என்று கேட்பாள். அதற்கும் பிறகு, "ஏனுங்க, தல சீவி உட்டீங்களா?" என்பாள்.

"சீவினேன்."

"ஒரு நாளும் உட்டுறாதீங்க. சிக்கு உழுந்துட்டா அப்பறம் எடுக்கவே முடியாதுங்க."

"தினமும்தான் சீவறேன்."

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். மகள் என் மடியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கண்ணடிப்பேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தலையில் இன்னொரு கவலையை ஏற்ற வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அது நிஜம்தான். ஒரு பிள்ளைக்குத் தலை சீவத் தெரியவில்லையா என்று கேட்டுவிடுவாளே என்ற வெட்கமும் நிஜம்.

கொண்டைக்கு அடியில் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறது என்று பொங்கலுக்கு முன்பே தெரியும். மனைவி வந்து பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்து சில நாள் கழித்து மனைவி பையனோடு வந்து இறங்கினாள். எங்கள் மலையிலேயே தள்ளி இருக்கிற ஆலத்தூர் நாட்டிலிருந்து என் அக்கா ஆரத்தி எடுக்க வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் குடும்பத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மனைவி பையனை அக்கா கையில் கொடுத்துவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தலையைத் தடவ வேண்டும் என்று குல்லாவைக் கழற்றினாள். கை அங்கேயே நின்றுவிட்டது. பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி ஒன்றோடொன்று பின்னி இறுகி, நனைந்து காய்ந்த கம்பளித் துண்டு போலக் கிடந்தது.

"ஏனுங்க, இது என்னங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தினமும்தான் சீவினேன்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சீவி உட்டா மறுநாளே இப்படி ஆயிருது. நானும் என்னதான் பண்றது?"

அக்கா பையனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தாள். மகளிடம் வந்து குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எப்ப இருந்துடா தம்பி?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்துதாங்க்கா."

அக்கா பையனைப் பார்த்தபடி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள். "ஆத்தா வந்துட்டா. இந்த உசுரக் காப்பாத்தறதுக்கு அந்தப் புள்ள தலையில எறங்கியிருக்கா. தினமும் சீவியும் சடை உழுதுன்னா அது மனுசச் சிக்கா?"

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பராமரித்தாலும் முடி தானாகத் திரித்துக்கொண்டால் அது சாமி சடை. அதில் சீப்பு படக்கூடாது, கத்தரி படக்கூடாது. அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் எடுக்கலாம். பராமரித்தும் விழுந்தது என்பதுதான் அதில் முக்கியம். அந்தச் சாட்சியத்தை நானே என் வாயால் கொடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சீவவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் மனைவி பையனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு மாதத்துக்கு மேல் அவள் அடக்கி வைத்திருந்த அழுகை அது. பெண்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னை யாரும் திட்டவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது.

பிறகு மஞ்சள் தண்ணீர், சாம்பிராணி, பூ. பெரக்கரை நாட்டிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் வாழைப்பழமும் முறுக்கும் கொண்டுவந்தார்கள். முதல் வாரம் மகளுக்குக் கொண்டாட்டம்தான். பெரியவர்கள் எல்லாம் தன்னைக் கும்பிடுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

இரண்டாம் வாரம் அரிப்பு தொடங்கியது. சடைக்குள் பேன் இறங்கிவிட்டது. எண்ணெய் உள்ளே போவதில்லை, தண்ணீர் போனால் வெளியே வருவதில்லை. பென்சிலின் பின்பக்கத்தை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டே பாடம் எழுதுவாள். மல்லாந்து படுக்க முடியாமல் குப்புறப் படுக்கப் பழகினாள். தலையைத் திருப்பும்போது தோள் முழுவதையும் சேர்த்துத் திருப்புவாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். கை தவறிச் சடையில் பட்டுவிட்டால் பாவம் என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறாள். சிநேகிதி இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். அன்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பையனுக்கு எடை பார்க்க வந்த நர்ஸம்மா மகளின் தலையையும் பார்த்தார். "உள்ள புண்ணா இருக்கு. முடிய வெட்டிட்டு மருந்து போடோணும். எத்தன நாளைக்கு இப்படி வெச்சிருப்பீங்க?" என்று எங்களிடம் சத்தம் போட்டார். பையனுக்கு அப்போது சளி. அவன் ஒவ்வொரு முறை இருமும்போதும் மனைவி மகளைக் கூப்பிட்டு அந்தச் சடையில் விபூதி வைப்பாள். பையன் தேறத் தேறச் சடையும் பெருத்துக்கொண்டு வந்தது. மகளின் வலி அவளுக்குத் தெரியாமல் இல்லை. மகள் தூங்கும்போது புண்ணின் ஓரத்தில் விரல் நுனியால் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு அழுவாள். ஆனால் ஒரு பிள்ளையின் முடியும் இன்னொரு பிள்ளையின் உயிரும் ஒரே முடிச்சாக அவள் மனதில் விழுந்துவிட்டன. முடிச்சைப் போட்டவன் நான். அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நான் சீவவே இல்லக்கா. முதல் மூணு நாளோட உட்டுட்டேன். தினமும் சீவினேன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "செரி. ஏன் சீவல?"

"அழுதா. பாவமா இருந்துச்சு."

"ஏழு வருசமா அழுவாத புள்ள அன்னிக்கு மட்டும் ஏன் அழுதா? கோழி அறுக்கறப்ப பாவம் பாக்காதவன் நீ, உனக்கு அன்னிக்கு ஏன் பாவமா இருந்துச்சு?" கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "உன் கையக் கட்டிப் போட்டதே அவதாண்டா."

நான் சீவியிருந்தாலும் அம்மன், சீவாவிட்டாலும் அம்மன். எந்தப் பக்கம் போனாலும் அக்கா அங்கே எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளோடு பேசி நான் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை. கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மனைவியிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. இரண்டு மூன்று நாள் வாய்வரை வந்து திரும்பியது. ஒரு மத்தியானம் மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மனைவி பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், அழுவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எதுக்குங்க இப்ப மாத்திப் பேசறீங்க?"

"மாத்தல. இதுதான் நெசம்."

"பாப்பா படற பாட்டப் பாக்க முடியாம சொல்றீங்க. என்னாலயும்தான் பாக்க முடியல. அதுக்குன்னு நீங்க சொல்ற பொய்ய நம்பி அத வெட்டிட்டு, நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

"பொய் இல்ல. அப்ப சொன்னதுதான் பொய்."

"அப்படின்னா இவன் தலையில கைய வெச்சுச் சொல்லுங்க."

பையன் தூங்கிக்கொண்டிருந்தான். உச்சிக்குழி லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையை வைத்து, சீவவில்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே அந்தச் சடையைக் கத்தரித்துவிடலாம். கையைத் தூக்கினேன். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. ஒருவேளை அக்கா சொல்வது சரியாக இருந்தால்? நான் சீவாமல் விட்டதும் அம்மன் செயலாகவே இருந்தால்? மலையையும் மழையையும் நம்பிப் பிழைக்கிறவன் நான், எனக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வரும். போனில் பொய் சொன்னபோது ஒரு நாளும் நாக்குக் குழறவில்லை. உண்மையைச் சொல்லும்போது கை கீழே இறங்கிவிட்டது.

அந்தக் கையை அவள் பார்த்துவிட்டாள். "பாத்தீங்களா" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள பூக் கேட்டுருவோம். அவளே உத்தரவு குடுப்பா."

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். மகளுக்குப் புதுப்பாவாடை. மனைவி விடியற்காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உத்தரவு கிடைத்தால் அங்கேயே எடுத்துவிடலாம் என்று நான் நாவிதரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் பையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

பூசாரி ஓர் இலையில் வெள்ளை அரளியையும் இன்னோர் இலையில் சிவப்பு அரளியையும் வைத்து ஒரே மாதிரி மடித்தார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. இரண்டிலும் வெள்ளையே வைக்கும்படி அவர் காதைக் கடிக்கலாமா என்று நினைத்தேன். நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். பூசாரி வீட்டுக் குழந்தை ஒன்று, மூன்று வயது இருக்கும், போய் ஒன்றை எடுத்து வந்தது. அக்கா வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணை மூடியிருந்தாள். பூசாரி இலையைப் பிரித்தார்.

சிவப்பு.

"அவளுக்கு இன்னும் போக மனசில்ல. அடுத்த வருசம் கேளுங்க" என்றார். மனைவி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அது துக்கமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நாவிதர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மகள் அந்தச் சிவப்புப் பூவை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தாள், தோளையும் சேர்த்துத் திருப்பி.

திரும்பும்போது ஜீப்பில் இடமில்லை. மற்றவர்களை ஏற்றிவிட்டு நானும் மகளும் காட்டுப் பாதையில் நடந்தோம். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம். அவள் எனக்கு முன்னால் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டே போனாள். இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சாமி தன்மேல் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் எப்படிச் சுமப்பாள். யார் நம்பாவிட்டாலும் இவள் நம்புவாள்.

"கண்ணு, அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். உன் தலையில இருக்கறது சாமி இல்ல. அப்பா சீவாம உட்டதால வந்தது."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"நாந்தான அங்க இருந்தேன்."

ஆமாம், அவள்தான் அங்கே இருந்தாள். இத்தனை மாதமாக எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அம்மா எங்கிட்டக் கேட்டுச்சு" என்றாள். "நீ காட்டுக்குப் போயிருந்தப்ப. அப்பா சீவவே இல்லன்னு சொல்றாங்களே, நெசமா கண்ணுன்னு கேட்டுச்சு."

நான் நின்றுவிட்டேன். "நீ என்ன சொன்ன?"

"தினமும் சீவி உட்டாங்கன்னு சொன்னேன்."

"ஏன் சாமி அப்படிச் சொன்ன?"

"நீ பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அம்மா உன்னய வையும்ல?" என்றாள். எனக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது. "சடைய வெட்டறதுக்குத்தான் கேக்குதுன்னு எனக்குத் தெரியாதுப்பா."

அவள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தேன். "இப்ப ஊட்டுக்குப் போயி ரெண்டு பேரும் சேந்து அம்மாகிட்ட நெசத்தச் சொல்லிரலாமா?"

அவள் யோசித்தாள். பிறகு மெதுவாக மறுத்துத் தலையாட்டினாள், தோளும் சேர்ந்து ஆடியது. "வேண்டாம்ப்பா. பூ செவப்பு வந்துருச்சுல்ல. தம்பிக்கு ஏதாச்சும் ஆயிரும்."

அவளை அணைத்துக்கொண்டேன். மஞ்சளும் சாம்பிராணியும் அழுகிய பூவுமாக அந்தச் சடை நாறியது. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பிடியிலிருந்து விலகி, திரும்பி நின்று, குனிந்து பின்மண்டையைக் காட்டினாள்.

"அரிக்குதுப்பா. கொஞ்சம் சொறிஞ்சு உடு."

சொறிந்தேன். அவளுக்குப் போதவில்லை. "மேல இல்லப்பா, உள்ள" என்றாள். ஓரத்திலிருந்து முயன்றேன். அடியிலிருந்து முயன்றேன். காதுப்பக்கம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். "உள்ளப்பா, உள்ள" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்தும் விரல் உள்ளே போகவில்லை.